ஆங்கிலச் சொல்லழுத்தம்: ஆப்பிரிக்க, ஆசியச் சொற்களை வைத்து 9ஆம் வகுப்புக்குப் பாடம் அமைப்பது எப்படி?

கரும்பலகை ஓரம் (கேள்வி)

வணக்கம். தமிழ்வழி 9ஆம் வகுப்பு, 40 பிள்ளைகள். வேர்ட் ஸ்ட்ரெஸ்ஸுக்கு என்று 4 பாடவேளை எடுத்து வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றும் 40 நிமிடம். வெறும் சொற்பட்டியலைப் படித்துக் காட்டினால் இந்த வயதில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். வகுப்புச் சுவரில் ஆப்பிரிக்கா, ஆசியா வரைபடங்கள் ஏற்கெனவே தொங்குகின்றன. அந்த நாடுகளின் பெயர், உணவு, உடை, இசை, ஆட்கள் இவற்றை வைத்தே முழுப் பாடத்தையும் கட்டிவிடலாம் என்று எண்ணம்.

மூன்று இடத்தில் இடிக்கிறது. அசை அசையாகக் கைதட்டச் சொன்னால் எல்லா அசையையும் ஒரே கனத்தில் தட்டுகிறார்கள். 'அழுத்திச் சொல்' என்றால் அந்த இடத்தில் கத்துகிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் பேசும் மேளத்தை ஒலிக்கவிட்டு அதோடு சொற்களைச் சேர்த்துத் தட்டவைக்கலாமா, அது சரியான உதாரணம்தானா என்றும் தெரியவில்லை. எந்தச் சொற்களில் தொடங்குவது, கடைசியில் எப்படிச் சோதிப்பது என்பதையும் சொல்லுங்கள்.

எழுதும்போது அகராதியில் உள்ளதுபோல அழுத்தம் விழும் இடத்துக்கு முன்னால் ˈ குறி போட்டால் எல்லோருக்கும் புரியும்: ஜ-ˈபேன்.

---

சுண்ணக்கட்டி

டீச்சர், நாட்டுப் பெயரில் தொடங்குங்கள். பிள்ளைகளுக்கு நாடு தெரியும், வரைபடத்தில் இடம் தெரியும். 'அந்த நாட்டுக்காரரை எப்படிச் சொல்வது?' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், அழுத்தம் இடம் பெயர்வது பட்டென்று காதில் விழும். மூன்று வால்களை, அதாவது சொல்லின் கடைசியில் ஒட்டும் விகுதிகளை, மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வால் 'ஈஸ்'. இது வந்து ஒட்டியதும் அழுத்தத்தைத் தானே பிடுங்கிக்கொள்ளும். ˈசை-ன, சை-ˈனீஸ். ஜ-ˈபேன், ஜே-ப-ˈனீஸ். நெ-ˈபால், நெ-ப-ˈலீஸ். ˈலெ-ப-னன், லெ-ப-ˈனீஸ். ஆப்பிரிக்காவில் சூடான், செனகல், காங்கோ, டோகோ, காபோன் எல்லாம் இதே வால்தான்: செ-னி-ˈகால், செ-னி-க-ˈலீஸ். ˈகாங்-கோ, காங்-க-ˈலீஸ்.

இரண்டாவது வால் 'இயன்'. இது அழுத்தத்தைத் தன்மேல் வாங்காது, தனக்கு முந்தைய சில்லபிளில் (ஓர் உயிரொலி கொண்ட ஒலித்துண்டில்) கொண்டுபோய் வைக்கும். நை-ˈஜீ-ரி-யன், ஈ-தி-ˈயோ-பி-யன், மங்-ˈகோ-லி-யன் என்று அடுக்கலாம். ஆனால் இவற்றில் நாட்டின் பெயரிலேயே அழுத்தம் அதே இடத்தில்தான் இருக்கிறது, அதனால் விதி வேலை செய்வது கண்ணில் படாது. ˈஈ-ஜிப்ட் என்பது இ-ˈஜிப்-ஷன் ஆவதையும், ˈஜோர்-டன் என்பது ஜோர்-ˈடே-னி-யன் ஆவதையும், ˈகா-ன என்பது கா-ˈனே-யன் ஆவதையும் கட்டாயம் சேருங்கள். இந்த மூன்று இல்லாவிட்டால் பிள்ளைகள் 'ஒன்றும் மாறவில்லையே' என்று சொல்வார்கள், அவர்கள் சொல்வதும் நியாயமாக இருக்கும்.

மூன்றாவது வால் 'இ'. இது எதையும் அசைக்காது. ˈயெ-மன், ˈயெ-ம-னி. கு-ˈவெய்ட், கு-ˈவெய்-டி. பேங்-க்ல-ˈடெஷ், பேங்-க்ல-ˈடெ-ஷி.

ஒரு பள்ளம் இருக்கிறது. ˈஏஃப்-ரி-க, ˈஏஃப்-ரி-கன். யு-ˈகேன்-ட, யு-ˈகேன்-டன். இங்கே வெறும் 'ன்' ஒட்டியிருக்கிறது, 'இயன்' கிடையாது. ஆகவே தள்ளுவதற்கு ஆளில்லை. 'இயன்' விதியைக் கற்றதும் பிள்ளைகள் ஏஃப்-ˈரி-கன் என்று தள்ளிப் பார்ப்பார்கள். அதைத் தவறு என்று வெட்டாமல் எழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வேலை நடக்கும் விதம்: 5 பேர் கொண்ட 8 குழு. குழுவுக்கு 24 சீட்டு, அதாவது 12 நாடு, 12 நாட்டுக்காரர். 'ஈஸ்' 5 ஜோடி, 'இயன்' 4 ஜோடி, 'இ' 3 ஜோடி. கரும்பலகையில் பெரிய வட்டம், சிறிய வட்டம் வரைந்து வாய்ப்பாடு காட்டுங்கள்: சைனாவுக்குப் பெரியது சிறியது, சைனீஸுக்குச் சிறியது பெரியது. பெரிய வட்டம் உள்ளங்கை அளவு, சிறியது பட்டாணி அளவு. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தால் பயனில்லை, கண்ணுக்கே வேறுபாடு தெரிய வேண்டும். பிறகு ஒவ்வொரு சீட்டையும் அதற்குரிய வாய்ப்பாட்டின்கீழ் வைக்க வேண்டும். 12 நிமிடம் போதும்.

இங்கேதான் பெரும்பாலும் சறுக்கும். எழுத்தைப் பார்த்தே வால்களைப் பிரித்து அடுக்கிவிட்டு, வாயைத் திறக்காமல் வேலையை முடித்துவிடுவார்கள். அதைத் தடுக்க ஒரு கட்டுப்பாடு போதும்: சீட்டை எடுத்தவர் கையில் வைத்தபடி சத்தமாகச் சொல்லி, குழுவில் இன்னொருவர் அதே வட்டங்களைக் காற்றில் வரைந்து காட்டிய பிறகே கீழே வைக்கலாம். முடிந்ததும் குழுக்கள் இடம் மாறி அடுத்த மேசையைச் சரிபார்க்கட்டும்.

---

ஒலிப்பெட்டி

மேளம் பற்றிய கேள்விக்கு மட்டும் வருகிறேன், ஏனென்றால் இதில் ஒரு தவறு மிகப் பரவலாக இருக்கிறது.

நைஜீரியாவின் யொருபா மக்களிடம் உள்ள 'துந்துன்' உடுக்கை வடிவ மேளம். இரண்டு தோல்களையும் இணைக்கும் நாடாக்களை அக்குளில் இடுக்கி நெரித்தால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். நம் உடுக்கையில் நடுக்கயிற்றை அழுத்தும்போது நடப்பதும் அதுவே. யொருபா மொழியில் மேல், நடு, கீழ் என்று 3 தொனிகள் உண்டு. ஒரே எழுத்துகள் கொண்ட 'ஒக்கொ' தொனி மாறினால் கணவன், மண்வெட்டி, வண்டி, ஈட்டி என்று நான்கு பொருள் தரும். அந்தத் தொனி ஏற்ற இறக்கத்தை மேளம் அப்படியே வாசிக்கிறது, அதனால்தான் அது 'பேசுகிறது'. கானாவில் அக்கான் மக்களின் 'அதும்பன்' ஒரு ஜோடி மேளம், ஒன்று உயர்ந்த சுருதி, மற்றது தாழ்ந்தது. அதுவும் தொனியைத்தான் பேசுகிறது.

ஆங்கில அழுத்தம் அது கிடையாது. அழுத்தம் விழும் சில்லபிளில் நான்கு காரியம் ஒன்றாக நடக்கிறது: நீளம் கூடும், சுருதி நகரும், ஒலி சற்றுப் பலக்கும், உயிரொலி தெளிவாக இருக்கும். நான்காவதுதான் நம் பிள்ளைகள் தவறவிடுவது. அழுத்தம் விழாத இடங்களில் உயிரொலி மங்கி 'ஷ்வா' ஆகிவிடும், வாயைப் பாதி திறந்து சோம்பலாக விடும் ஓர் 'அ'. மேளத்தில் ஓங்கி அடித்தால் பலம் மட்டும் வரும், மற்ற மூன்றும் வராது. உங்கள் வகுப்பு கத்துவதற்குக் காரணமும் இதுதான்.

ஆகவே பேசும் மேளத்தைத் தாராளமாக ஒலிக்க விடுங்கள், ஆனால் எதிர்நிலை உதாரணமாக. 'இங்கே சுருதி மாறினால் பொருளே மாறும், ஆங்கிலத்தில் அப்படி நடக்காது' என்று சொல்ல அது அருமையான கருவி. பக்கத்தில் ஜப்பானிய மொழியையும் வைக்கலாம்: டோக்கியோ பேச்சில் 'ஹஷி' என்பதில் முதல் பாதி உயர்ந்தால் சாப்பிடும் குச்சி, இரண்டாம் பாதி உயர்ந்தால் பாலம். பிள்ளைகள் இதை விரும்பிக் கேட்பார்கள்.

ஆப்பிரிக்க மொழிகளில் அழுத்தத்துக்கு உண்மையிலேயே பொருத்தமான உதாரணம் வேண்டுமா? ஸ்வாஹிலி. அதில் அழுத்தம் கடைசிக்கு முந்தைய சில்லபிளில் விழும், அரபியிலிருந்து வந்த சில சொற்கள் மட்டும் விலகும். ரா-ˈஃபீ-கி என்றால் நண்பர், கா-ˈரீ-பு என்றால் வருக, கி-ˈதா-பு என்றால் புத்தகம். இப்போது அழகான இடம் வருகிறது. பள்ளி ˈஷூ-லெ. 'பள்ளியில்' என்று சொல்ல 'னி' சேர்ப்பார்கள், நம் 'இல்' போல. சொல் ஒரு சில்லபிள் நீண்டதும் அழுத்தம் நகர்ந்துவிடும்: ஷு-ˈலே-னி. வீடு ˈந்யூம்-ப, வீட்டில் ந்யும்-ˈபா-னி. வால் ஒட்டினால் அழுத்தம் நகரும் என்பதை, ஆங்கிலத்தைத் தொடாமலே, 5 நிமிடத்தில் காட்டிவிடலாம். அதன்பின் ˈஃபோ-ட-க்ராஃப், ஃப-ˈடா-க்ர-ஃபி, ஃபோ-ட-ˈக்ரே-ஃபிக் மூன்றையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள்.

ஒரு வேறுபாட்டை மறக்காமல் சொல்லிவிடுங்கள். ஸ்வாஹிலியில் அழுத்தம் போன பிறகும் உயிரொலி மங்காது, ஆங்கிலத்தில் மங்கும். ஃபோட்டோவில் முழுதாக நின்ற 'ஃபோ', ஃப-ˈடா-க்ர-ஃபியில் வெறும் 'ஃப' ஆகிவிட்டதைப் பாருங்கள்.

கத்துவதை நிறுத்த இரண்டு வழி. ஒன்று, கிசுகிசுப்பாகச் சொல்லச் சொல்வது. கிசுகிசுத்தால் பலத்தைக் கூட்ட வழியில்லை, நீளமும் உயிரொலித் தெளிவும்தான் கைகொடுக்கும். இரண்டு, பழைய சைக்கிள் ட்யூபை 2 செ.மீ. அகல வளையங்களாக வெட்டி ஆளுக்கு ஒன்று கொடுப்பது. இரண்டு கட்டைவிரலிலும் மாட்டி, ஒரு சில்லபிளுக்கு ஓர் அசைவு, அழுத்தம் விழும் இடத்தில் மட்டும் இழுப்பு. ச-ˈஃபா-ரி: லேசாக, இழுத்து, லேசாக. சாதாரண ரப்பர் பேண்டு வேண்டாம், எதிர்ப்பே இருக்காது, பாதி அறுந்து கண்ணிலும் தெறிக்கும். ட்யூபை இழுக்க நேரம் பிடிப்பதால் அந்த உயிரொலி தானாக நீள்கிறது. கையைவிட்டு வாய் முந்தினால் மறுபடி.

---

யாப்பு

மேலே இரண்டு பேரும் 'சில்லபிள்' என்று எழுதியதைக் கவனித்தீர்களா டீச்சர்? நீங்கள் 'அசை' என்று எழுதியிருக்கிறீர்கள். வகுப்பில் தயவுசெய்து அசை என்ற சொல்லை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். தமிழ்ப் பாடவேளையில் அலகிடுதல் படிக்கும் பிள்ளைகளுக்கு அசை என்றால் நேர், நிரை. பனானாவை அசை பிரிக்கச் சொன்னால் நன்றாகப் படிக்கும் பிள்ளை 'பனா/னா, நிரை நேர், புளிமா' என்று இரண்டாகப் பிரிக்கும். யாப்பின்படி அது முழுக்கச் சரி. ஆங்கிலத்தில் அதே சொல் மூன்று சில்லபிள்: ப-ˈனா-ன. குறிலும் நெடிலும் சேர்ந்து நிரையாகும் இடத்தில்தான் ஆங்கிலம் மங்கலும் அழுத்தமுமாகப் பிரிகிறது. ஜ-ˈபேன், ச-ˈஃபா-ரி, கி-ˈமோ-னோ, க-ˈரா-டி எல்லாவற்றிலும் இதே மோதல் வரும். முதல் நாளே 2 நிமிடம் ஒதுக்கி, 'அசை வேறு, சில்லபிள் வேறு, இங்கே ஓர் உயிரொலிக்கு ஒரு தட்டு' என்று சொல்லிவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

இரண்டாவது, ஆங்கிலச் சொல்லுக்கு மேலே தமிழில் உச்சரிப்பு எழுதிக்கொள்ளும் பழக்கம். 'போட்டோகிராபி' என்று ஒருமுறை எழுதிவிட்டால் 'போ'வும் 'டோ'வும் முழு நெடிலாகக் கல்லில் செதுக்கியதுபோல் நின்றுவிடும். அதற்குமேல் எந்தப் பயிற்சியும் அதை மங்கவைக்காது. தமிழ் எழுத்துக்குப் பதிலாகச் சொல்லுக்கு மேல் வட்டங்கள் மட்டும் போடவையுங்கள். இந்த இழையில் நாம் தமிழில் எழுதுவது ஆசிரியர்களுக்காக, இதை அப்படியே கரும்பலகைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

தாளம் வேண்டுமென்றால் நம் சொற்கட்டே இருக்கிறது, ஆனால் 'தகதிமி' உதவாது. அதில் நான்கும் சம அளவு, ஏற்கெனவே இருக்கும் நோயை அதிகப்படுத்தும். பெரிய வட்டத்துக்கு 'தோம்', சிறியதற்கு 'த' என்று இரண்டே சொல் வைத்துக்கொள்ளுங்கள். 'தோம்'மின் முடிவில் இருக்கும் 'ம்' தானாகவே நீட்டிக் கொடுக்கும்.

த-தோம்-த: மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பனானா, ஸ்வாஹிலியின் சஃபாரி, பாண்டு மொழிகளிலிருந்து வந்த இசைக்கருவிப் பெயரான மரிம்பா, ஜப்பானின் கிமோனோ, சுனாமி, கராத்தே.
த-தோம்: ஜாவாவின் துணிச் சாயக்கலையான பாத்திக், இந்தியிலிருந்து போன ஷாம்பூ, மூங்கிலுக்கான பேம்பூ, புயலுக்கான டைஃபூன், அரபிவழி வந்த மான்சூன்.
தோம்-த-த: வங்கத்தின் பெயரிலிருந்து வந்த பங்களோ, ஜாவாவின் இசைக்குழுவான கேமலன், அரபியின் ஆல்ஜிப்ர.
த-த-தோம்: மத்திய ஆப்பிரிக்கச் சொல்லான சிம்பன்ஸீ.

இரண்டாம் வரியையும் நான்காம் வரியையும் பிள்ளைகளே உற்றுப் பார்க்கட்டும். 'ஊ', 'ஊன்', 'ஈ' என்று நீண்ட ஒலியில் முடியும் சொற்களில் அழுத்தம் கடைசியில். மோ-ஸேம்-ˈபீக் அந்தக் கூட்டத்தில் வந்து சேரும். ˈகா-ஃபி விலகி நிற்கும், அதையும் அவர்களே கண்டுபிடித்துச் சொன்னால் ஒரு கைதட்டு.

தமிழிலிருந்து போனதைச் சேர்க்காமல் விடாதீர்கள். கட்டுமரம் ஆங்கிலத்தில் கே-ட-ம-ˈரேன், த-த-த-தோம். மிளகுத் தண்ணீர் ம-லி-க-ˈடா-னி. சுருட்டு ஷ-ˈரூட். நம் வாயில் சொல்லின் முதல் இடத்தில் கனம் இருக்கும் சொற்கள் ஆங்கிலம் போனதும் பின்னால் கனம் கொள்வதைப் பார்த்தால், ஸ்ட்ரெஸ் என்பது மொழிக்கு மொழி மாறும் சமாச்சாரம் என்பது விளக்காமலே புரியும்.

---

கரும்பலகை ஓரம்

மூவருக்கும் மிக்க நன்றி. அசை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, இனி சில்லபிள்தான். சீட்டு தயாரிக்கும்போது இரண்டு சந்தேகம் வந்தது. கேட்டல் பயிற்சி ஒலிப்பதிவில் ஜப்பானிய உணவு பற்றிய வாக்கியம் ஒன்றில் 'ஜே-ப-ˈனீஸ்' என்று வராமல் முதலிலேயே அழுத்தம் கேட்கிறது. அப்படியானால் விதி? இன்னொன்று, ஆட்களின் பெயர்கள். மண்டேலா, மலாலா போன்றவர்களைப் பற்றிப் பேசவைக்க ஆசை. அவர்கள் ஊர் உச்சரிப்பா, ஆங்கில அகராதியா?

---

சுண்ணக்கட்டி

உங்கள் காது சரியாகக் கேட்டிருக்கிறது. ஜே-ப-ˈனீஸ் என்ற சொல்லில் முதல் இடத்திலும் ஒரு சிறிய அழுத்தம் உண்டு. அடுத்து உடனே அழுத்தமுள்ள இன்னொரு சொல் வந்தால், இரண்டு பெரிய அழுத்தம் அருகருகே முட்டாமல் இருக்க ஆங்கிலம் முன்னதை முதலுக்கு நகர்த்திவிடும்: ˈஜே-ப-னீஸ் ˈஃபூட், ˈசை-னீஸ் ˈடீ. வாக்கியத்தின் கடைசியில் வந்தால் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்: 'ஷீ இஸ் ஜே-ப-ˈனீஸ்'. எண்களிலும் இதே கதை: தனியாக தர்-ˈடீன், பின்னால் பெயர்ச்சொல் வந்தால் ˈதர்-டீன்.

ஆகவே முதல் 2 பாடவேளையில் நாட்டுக்காரரின் பெயர் எப்போதும் வாக்கியத்தின் கடைசியில் வரும்படி பயிற்சியை அமையுங்கள். உணவு, உடை, இசை என்று பெயர்ச்சொல்லோடு சேர்ப்பதை 3ஆம் வேளைக்குத் தள்ளிவையுங்கள். முதல் நாளே 'சைனீஸ் ஃபுட்', 'வியட்நாமீஸ் சூப்' என்று உணவுப் பட்டியல் போடுவதுதான் இந்தப் பாடத்தில் வழக்கமாக நடக்கும் கோளாறு. ஆசிரியர் ஒரு விதியைச் சொல்ல, ஒலிப்பதிவு வேறொன்றைச் சொல்லும்.

பெயர்கள்: ஆளின் பெயர் அந்த ஆளுக்குச் சொந்தம். ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த கோஃபி அன்னானின் குடும்பப் பெயரை நாம் 'அன்னான்' என்று நீட்டுகிறோம். அவர் சொன்னது ˈஏ-னன், பீரங்கிக்கான ஆங்கிலச் சொல்லான ˈகே-னன் என்பதோடு எதுகை. 'கோஃபி' என்பது அக்கான் மக்களிடம் வெள்ளிக்கிழமை பிறந்த ஆணின் பெயர். சனிக்கிழமை என்றால் குவாமே. பிறந்த கிழமையைப் பெயராக வைக்கும் வழக்கம் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும், ஆங்கிலக் கிழமைப் பெயர்களின் அழுத்தத்தையும் அதே மூச்சில் பார்த்துவிடலாம், ஏழுக்கும் முதல் இடத்தில்தான். மேன்-ˈடெ-ல, ம-ˈலா-ல இரண்டும் த-தோம்-த கூட்டம். மலாலா 2014இல் அமைதி நோபல் பெற்றபோது வயது 17, உங்கள் பிள்ளைகளைவிட மூன்று நான்கு வயதுதான் கூட. 2004இல் அதே பரிசு பெற்ற கென்யாவின் வங்காரி மாத்தாய், 1993இல் பெற்ற மண்டேலா, 2001இல் பெற்ற அன்னான் என்று நான்கு பேர் போதும்.

ஊர்ப் பெயர்களில் சில இரண்டு விதமாகவும் அகராதியில் இருக்கும். ஹிரோஷிமாவுக்கு ஹி-ர-ˈஷீ-ம, ஹி-ˈரா-ஷி-ம இரண்டும் உண்டு. அப்படிப்பட்டதைச் சோதனையில் வைக்காதீர்கள், பேச்சுக்கு மட்டும்.

இன்னொன்று. ஆப்பிரிக்கா என்றால் மேளம், காடு, சிங்கம் என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடக் கூடாது. அங்கே 54 நாடுகள். ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் மொழியும் இடமும் எழுதுங்கள்: 'ஸ்வாஹிலி, தான்சானியா', 'யொருபா, நைஜீரியா'. யாருடைய உச்சரிப்பையும் கேலியாகப் பேசிக்காட்ட அனுமதிக்கவே வேண்டாம்.

---

மூன்றாம்மணி

ஒரு மாற்றுக் கருத்து. நைஜீரியா, கென்யா, சிங்கப்பூர், நம் நாடு என்று பல இடத்து ஆங்கிலத்தில் சில்லபிள்கள் ஏறத்தாழச் சம நேரம் எடுக்கும். அவர்கள் ஒருவரோடொருவர் நன்றாகவே பேசிக்கொள்கிறார்கள். 2000இல் மொழியியலாளர் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் உலகப் பொதுமொழி ஆங்கிலத்துக்கு அவசியமான ஒலிக்கூறுகளைத் தொகுத்தபோது சொல்லழுத்தத்தை அதில் சேர்க்கவில்லை. வாக்கியத்தில் எந்தச் சொல்லுக்கு முக்கிய அழுத்தம் என்பதைத்தான் சேர்த்தார். ஆப்பிரிக்க, ஆசியப் பண்பாடுகளை எடுத்துக்கொண்டு கடைசியில் லண்டன் உச்சரிப்புக்கு மதிப்பெண் போடுவது எனக்கு உறுத்துகிறது. 4 வேளையையும் இதற்கே செலவிட வேண்டுமா?

---

ஒலிப்பெட்டி

உறுத்தல் நியாயமானது சார், அதற்காக விட்டுவிட முடியாது. கேட்டுப் புரிந்துகொள்ள இது தேவை. ஃப-ˈடா-க்ர-ஃபியைக் காதில் வாங்கும் பிள்ளைக்கு 'போட்டோகிராபி' மட்டுமே தெரிந்திருந்தால் சொல்லே பிடிபடாது. 2005இல் ஜான் ஃபீல்டு செய்த ஆய்வில், அழுத்தம் வலப்பக்கம், அதாவது சொல்லின் பின்பகுதிக்கு நகர்ந்தால் கேட்பவருக்குச் சிரமம் அதிகம், இடப்பக்கம் நகர்ந்தால் குறைவு என்று தெரிந்தது. நம் பிள்ளைகள் பெரும்பாலும் இடப்பக்கம்தான் நகர்த்துகிறார்கள், ஹோ-ˈடெல் என்பதை ˈஹோட்டல் ஆக்குவதுபோல. அதற்கு மதிப்பெண்ணைக் கடுமையாக வெட்ட வேண்டாம். போட்டோகிராபரை 'போட்டோ-ˈகிரா-பர்' என்று பின்னால் தள்ளுவதை மட்டும் விடாமல் திருத்துங்கள்.

---

யாப்பு

4ஆம் பாடவேளைக்கும் சோதனைக்கும் சேர்த்து ஒன்று சொல்கிறேன். பெயரா வினையா என்பதை அழுத்தமே காட்டும் ஜோடிகளை வணிகத்தோடு சேருங்கள். கென்யா தேயிலையை எக்ஸ்-ˈபோர்ட்ஸ், அது வினை. தேயிலை கென்யாவின் ˈஎக்ஸ்-போர்ட், அது பெயர். கானாவுக்குக் கோகோ, இந்தோனேசியாவிலிருந்து நாம் ˈஇம்-போர்ட் செய்யும் பாமாயில், தான்சானியாவிலிருந்து நம் முந்திரி ஆலைகளுக்கு வரும் தோலோடு கூடிய கொட்டை என்று நிறையக் கிடைக்கும். ('இம்போர்ட் செய்யும்' என்று தமிழில் நாம் பெயர்ச்சொல்லைத்தான் வாங்கியிருக்கிறோம், அதனால்தான் ஆங்கில வினையிலும் பிள்ளைகள் முன்னாலேயே அழுத்துகிறார்கள்.) ப்ரொடியூஸ், இன்க்ரீஸ், டிக்ரீஸ், ரெக்கார்ட் நான்கையும் சேர்த்தால் 6 ஜோடி. ரி-ˈபோர்ட், ரி-ˈஸல்ட், டி-ˈமாண்ட் மூன்றும் பெயரிலும் வினையிலும் மாறாதவை. இவற்றைச் சொல்லாமல் விட்டால் எல்லா இரண்டு சில்லபிள் சொல்லையும் புரட்டத் தொடங்கிவிடுவார்கள்.

சோதனையை 20 மதிப்பெண்ணுக்கு இரண்டாகப் பிரியுங்கள். கேட்டலுக்கு 10: நீங்கள் ஒரு சொல்லை இரண்டு முறை சொல்ல, அவர்கள் வட்டம் போட வேண்டும். வாயைத் தாளால் மறைத்துக்கொள்ளுங்கள், இல்லையேல் உதடு விரிவதைப் பார்த்தே போட்டுவிடுவார்கள். 10இல் 6 வகுப்பில் வந்த சொல், 4 புதியவை ஆனால் அதே வால் கொண்டவை: டை-வ-ˈனீஸ், கேம்-ˈபோ-டி-யன், இ-ˈரா-கி, ட்யு-ˈனி-ஸி-யன் போல. விதி பிடிபட்டதா, மனப்பாடமா என்பது அந்த 4இல் தெரிந்துவிடும்.

பேசுவதற்கு 10: ஒருவருக்கு 5 சொல், சொல்லுக்கு 2 மதிப்பெண். ஒன்று சரியான இடத்துக்கு, ஒன்று மற்ற சில்லபிள்கள் மங்கியதற்கு. இரண்டாவதைத் தனியாகப் பிரிக்காவிட்டால் ப-ˈனா-னவை மூன்று நெடிலோடு சொல்லிவிட்டு முழு மதிப்பெண் கேட்பார்கள், கொடுக்கவும் வேண்டியிருக்கும். 40 பேரையும் ஒரே நாளில் கேட்க முடியாது. மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது வேளைக்கு 8 பேர் என்று கூப்பிட்டால் 5 நாளில் முடியும். ஃபோனில் பதிவுசெய்வதென்றால் ஃபோனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். நெருக்கிப் பிடித்தால் ஒலி வெடித்து எல்லாச் சில்லபிளும் ஒரே பலத்தில் பதிவாகிவிடும்.